அணு ஆயுத ஒழிப்பும் உலகப் பிரஜா உரிமையும்

அணு ஆயுத ஒழிப்பு என்பது, அணுப் பிளவாலும் அணுச் சேர்க்கையாலும் நாசம் விளைக்கும் படைக்கலங்களைச் சோதித்தல், செய்தல், சேமித்தல், பிரயோகித்தல் ஆகியவற்றைப் படிப்படியாகக் கட்டுப்படுத்தி, முடிவில் அவற்றை உலகிலிருந்தே நீக்குவதற்கான முயற்சியாகும். உலகப் பிரஜா உரிமை என்பது, மனிதன் தான் பிறந்த தேசத்துக்கு மட்டுமன்றி மானிட சமுதாயம் முழுமைக்கும் கடமைப்பட்டவன் என்னும் கொள்கை. முன்னது ராஜ்யங்கள் தம்முள் செய்துகொள்ளும் உடன்படிக்கைகளால் நடைபெறுவது. பின்னது தனிமனிதரின் மனச்சாட்சியை ஆதாரமாகக் கொண்டது. ஆயினும், ஆயுதங்களை அழித்துவிட்டதாக ஒரு ராஜ்யம் சொல்வதை மற்றொன்று எவ்வாறு நம்புவது என்னும் கேள்வி எழும்போதெல்லாம் இவ்விரண்டும் நெருங்கி வருவதை 1945க்குப் பிந்திய சரித்திரம் காட்டுகிறது.

முதல் முயற்சிகள்

1945 ஆகஸ்டு 6ஆம் தேதி ஹிரோஷிமாவும், 9ஆம் தேதி நாகசாகியும் அணுகுண்டுக்கு இரையாகி ஆறு மாதங்கள் நிறைவதற்குள், ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 1946 ஜனவரி 24 அன்று லண்டனில் நிறைவேற்றிய தன் முதல் தீர்மானத்திலேயே, அணு ஆயுதங்களைத் தேசங்களின் படைக்கலத் தொகுதியிலிருந்து நீக்கும் வழியை ஆராய ஓர் ஆணைக்குழுவை நியமித்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்கப் பிரதிநிதி பெர்னார்டு பரூக், அணுசக்திக்குரிய சுரங்கங்களும் ஆலைகளும் ஒரு சர்வதேச அதிகார சபையின் வசம் இருக்க வேண்டும் என்றும், விதியை மீறுவோரைத் தண்டிக்கும் விஷயத்தில் எந்த வல்லரசுக்கும் ரத்து அதிகாரம் கூடாது என்றும் பிரேரணை கொணர்ந்தார். முதலில் குண்டுகள் அழிக்கப்படட்டும், கண்காணிப்பு பின்னர் வரட்டும் என்று சோவியத் பிரதிநிதி குரோமிக்கோ வாதித்தார். அந்நியர் தம் எல்லைக்குள் நுழைந்து பார்வையிடுவதற்கு ஒரு தரப்பும், கையிலுள்ள குண்டை முன்னதாகக் கைவிடுவதற்கு மற்றொரு தரப்பும் இசையாமையால், ஆணைக்குழுவின் வேலை பயனின்றி முடிந்தது. 1949இல் சோவியத் ருஷ்யா தன் முதல் அணுகுண்டை வெடித்தது.

உலகப் பிரஜை இயக்கம்

நிரந்தர சமாதானம் பற்றி 1795இல் எழுதிய ஜெர்மானியத் தத்துவ ஞானி காண்ட், எந்நாட்டு மண்ணிலும் பகைவனாக நடத்தப்படாமல் இருப்பதை மனிதனுக்குரிய உலகப் பிரஜா உரிமையாக வகுத்தார். அக்கருத்தைத் தன் வாழ்க்கையில் சோதித்துப் பார்த்தவர் காரி டேவிஸ் (1921-2013). இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மனியின் நகரங்கள் மீது குண்டு வீசிய அமெரிக்க விமானியும், அதே யுத்தத்தில் தமையனைப் பறிகொடுத்தவருமான இவர், 1948 மே மாதத்தில் பாரிஸிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தில் தம் தேசப் பிரஜா உரிமையைத் துறந்தார். அவ்வாண்டு பொதுச் சபை கூடுவதற்காக ஐக்கிய நாடுகளின் வசம் ஒப்படைக்கப்பட்டிருந்த ஷாயோ மாளிகையின் வாயிலில், அது எந்தத் தேசத்துக்கும் உரியதன்று என்ற காரணத்தைக் காட்டிக் கூடாரமடித்துத் தங்கினார்; நவம்பர் 19 அன்று சபையின் நடுவே எழுந்து உலக அரசாங்கம் வேண்டுமென முழங்க முற்பட்டபோது காவலர்களால் வெளியேற்றப்பட்டார். எழுத்தாளர் ஆல்பெர் காம்யூ அவருக்குத் துணை நின்றார். ஐன்ஸ்டைனும் ஆதரவு தெரிவித்தார். 1949இல் தொடங்கப்பெற்ற உலகப் பிரஜைகள் பதிவேட்டில் பல லட்சம் பேர் பெயர் பதிந்தனர். பின்னர் டேவிஸ் நிறுவிய ஸ்தாபனம் உலகப் பாஸ்போர்ட்டுகளை வழங்கியது. பெரும்பாலான அரசாங்கங்கள் அவற்றை ஏற்கவில்லை. வரியும் நீதிமன்றமும் இல்லாத பிரஜா உரிமை வெறும் பாவனையே என்பது இவ்வியக்கத்தின் மீது சொல்லப்படும் பிரதானமான ஆட்சேபம்.

விஞ்ஞானிகளும் இந்தியரும்

1954 மார்ச் 1 அன்று பிக்கினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டு, ஹிரோஷிமாவில் வீசப்பட்டதைப் போல் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு வலிமை வாய்ந்தது. அதன் கதிரியக்கச் சாம்பல், தொலைவில் மீன்பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகொன்றின் 23 பேர் மீதும் படிந்தது. சோதனைகளை உடனே நிறுத்த வேண்டுமென்று ஜவாஹர்லால் நேரு ஏப்ரல் 2 அன்று பாராளுமன்றத்தில் கோரினார். மறு ஆண்டு ஜூலை 9 அன்று லண்டனில் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் வெளியிட்டதும், ஐன்ஸ்டைன் மரணமடைவதற்குச் சில நாட்களுக்கு முன் கையொப்பமிட்டதுமான அறிக்கையில், 11 அறிஞர்கள் தேச பேதத்தையும் மத பேதத்தையும் விடுத்து, மனித குலத்தின் அங்கத்தினர் என்ற முறையிலேயே தாம் பேசுவதாக அறிவித்தனர். இதன் பயனாக 1957இல் கனடாவின் பக்வாஷ் கிராமத்தில் இரு அணிகளையும் சேர்ந்த விஞ்ஞானிகள் 22 பேர் கூடினர். அம்மகாநாட்டுத் தொடர் இன்றும் நடைபெற்று வருகிறது.

சுதந்திர தேசங்களின் உலகக் கூட்டாட்சி ஒன்று வேண்டுமென 1942 ஆகஸ்டுத் தீர்மானத்திலேயே காங்கிரஸ் கூறியிருந்தது. 1962 செப்டம்பரில், 83 வயதான ராஜாஜி, காந்தி சமாதான நிலையத்தின் தூதுக்குழுவுடன் வாஷிங்டன் சென்று, சோதனைகளை நிறுத்தும்படி ஜனாதிபதி கென்னடியிடம் நேரில் வாதாடினார். அதே ஆண்டில் சதீஷ்குமார், ஈ. பி. மேனன் என்னும் இரு இளைஞர்கள் கையில் காசின்றி டில்லியிலிருந்து புறப்பட்டு, மாஸ்கோ, பாரிஸ், லண்டன், வாஷிங்டன் ஆகிய அணுத் தலைநகரங்களை நோக்கி யாத்திரை மேற்கொண்டனர்.

உடன்படிக்கைகள்

1963இல் மாஸ்கோவில் கையெழுத்தான சோதனைத் தடை ஒப்பந்தம், காற்றுமண்டலத்திலும் விண்வெளியிலும் நீரடியிலும் வெடிப்பதை மட்டுமே விலக்கியது. இவ்வெடிப்புகளைத் தொலைவிலிருந்தே கண்டறிய முடியும். நிலத்தடி வெடிப்பையோ நிலநடுக்கத்தினின்று ஐயமறப் பிரித்தறிய ஸ்தலத்தில் சோதனையிட வேண்டியிருந்தது. ஆண்டுக்கு எத்தனை முறை சோதனையிடலாம் என்பதில் பேச்சுவார்த்தை முறிந்தது. 1970இல் அமலுக்கு வந்த அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம், ஆயுதமில்லாத நாடுகளைக் கண்காணிப்புக்கு உட்படுத்தி, ஆயுதமுள்ள ஐந்து நாடுகளிடமிருந்து ஒழிப்புக்கான பேச்சுவார்த்தை நடத்தும் வாக்குறுதியை மட்டும் பெற்றது; இப்பாகுபாட்டைக் காரணம் காட்டி இந்தியா அதில் சேரவில்லை. 1987இல் ரீகனும் கோர்பச்சேவும் செய்த நடுத்தர ஏவுகணை ஒப்பந்தத்தின்படி, அமெரிக்க ஆய்வாளர் ருஷ்ய ஆலை வாயிலிலும், ருஷ்ய ஆய்வாளர் அமெரிக்க ஆலை வாயிலிலும் நிரந்தரமாகத் தங்கினர். 1946இல் ஆகாதது அப்போது ஆயிற்று. தென்னாப்பிரிக்கா தான் செய்த ஆறு குண்டுகளையும் தானே கலைத்துவிட்டு, சர்வதேச ஆய்வாளருக்குக் கதவைத் திறந்தது. 1980களின் நடுவில் சுமார் 70,000 ஆக இருந்த உலக அணுகுண்டுகளின் தொகை, இப்போது ஏறத்தாழ 12,000 ஆகக் குறைந்துள்ளது. எனினும் ஏவுகணை ஒப்பந்தம் 2019இல் முடிவுற்றது. 2017இல் 122 நாடுகள் வாக்களித்து ஏற்று, 2021இல் அமலுக்கு வந்த முழுத்தடை ஒப்பந்தத்தில் அணு ஆயுத நாடுகள் ஒன்பதில் ஒன்றும் சேரவில்லை.

இரு நெறிகளின் சந்திப்பு

குண்டை அழித்தாலும் அதைச் செய்யும் அறிவு அழியாது. ஆலையைச் சோதிக்கும் ஆய்வாளரும் மறைவான இடமொன்றில் நடப்பதை அறியார். அங்கே வேலை செய்பவர் அறிவார். ஜெர்மனி அணுகுண்டு செய்யவில்லை என்பது தெளிவானதும் அமெரிக்கக் குண்டு முயற்சியிலிருந்து 1944இல் விலகியவரும், 1995இல் பக்வாஷ் இயக்கத்தோடு நோபெல் சமாதானப் பரிசைப் பகிர்ந்துகொண்டவருமான ஜோசப் ராட்பிளாட், இதனாலேயே சமுதாயக் கண்காணிப்பு என்னும் முறையை வற்புறுத்தினார். தன் அரசாங்கம் இரகசியமாக ஆயுதம் செய்யுமாயின் அதைச் சர்வதேசச் சபைக்கு அறிவிப்பது ஒவ்வொரு பிரஜையின் உரிமையும் கடமையும் ஆக வேண்டும் என்பதும், தேச விசுவாசத்துக்கு மேலாக மானிட விசுவாசம் வளர்ந்தாலன்றி அது இயலாது என்பதும் அவர் கொள்கை. இக்கொள்கைக்கும் நடைமுறைக்கும் உள்ள தூரத்தை, இஸ்ரேலின் அணு ஆலையைப் பற்றி 1986இல் லண்டன் பத்திரிகைக்குத் தெரிவித்த தொழில்நுட்பப் பணியாளர் மோர்டெகாய் வனுனு 18 ஆண்டுகள் சிறையில் கழித்ததினின்று அறியலாம். ஒரு ராஜ்யத்தின் சட்டம் துரோகமெனத் தண்டிக்கும் செயலைச் சர்வதேசச் சட்டம் கடமையெனக் காக்கும் நிலை உண்டாகும்போதுதான், உலகப் பிரஜா உரிமை சட்டபூர்வமான பொருள் பெறும். ஆயுத ஒழிப்புக்கும் நம்பத்தக்க காவல் கிடைக்கும்.