அட்டவணையின் முதல் கட்டம்

உயிரியல் பரீட்சைக்குப் படித்தவர்களுக்கு அந்த அட்டவணை ஞாபகம் இருக்கும். மூன்று மூன்று எழுத்துகளாக 64 சேர்க்கைகள். இடது மூலையில் முதலில் நிற்பது யு-யு-யு. அதன் பக்கத்தில் ஃபினைல்அலனைன். நானும் அதை மனப்பாடம் செய்தேன். யார் கண்டுபிடித்தது என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

முதலில் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புரதங்களைச் செய்வதற்கான குறிப்பு டி.என்.ஏ.வில் இருக்கிறது. சமையல் புத்தகத்தை அடுப்படிக்குக் கொண்டுபோகாமல், வேண்டிய பக்கத்தை மட்டும் எழுதி எடுத்துப்போவதுபோல, செல் தேவையான பகுதியை மட்டும் ஆர்.என்.ஏ. நகலாக எடுக்கிறது. ரைபோசோம் அந்த நகலை மூன்று மூன்று எழுத்தாகப் படித்து, அமினோ அமிலங்களை மாலைபோலக் கோக்கிறது. அதுதான் புரதம்.

எழுத்துகள் 4, அமினோ அமிலங்கள் 20. இரண்டு இரண்டாகச் சேர்த்தால் 16 சேர்க்கைகள்தான், போதாது. மூன்று மூன்றாகச் சேர்த்தால் 64. சரி, எந்தச் சேர்க்கை எந்த அமிலத்தைக் குறிக்கிறது? இதற்காகவே 1954இல் ஜார்ஜ் காமவ் என்ற இயற்பியலாளர் 'ஆர்.என்.ஏ. டை கிளப்' தொடங்கினார். அமிலத்துக்கு ஒருவராக 20 உறுப்பினர்கள், அவர்களுக்கென்று ஒரு டை. வாட்சன், கிரிக், ஃபைன்மன் எல்லோரும் அதில் இருந்தார்கள். காகிதத்தில் எவ்வளவோ கணக்குப் போட்டும் விடை வரவில்லை.

விடை வந்தது அமெரிக்காவின் பெதஸ்டாவில், அந்தக் கிளப்பில் இல்லாத இருவரிடமிருந்து. ஒருவர் 34 வயது மார்ஷல் நிரென்பெர்க். மற்றவர் ஜெர்மனியிலிருந்து உதவித்தொகையில் வந்திருந்த ஹைன்ரிக் மத்தேய். பாக்டீரியாக்களை அரைத்து எடுத்த சாற்றில், யு என்ற ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வரும் செயற்கை ஆர்.என்.ஏ.வைச் சேர்த்தார்கள். எந்த அமிலம் கோக்கப்படுகிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். 1961 மே 27 அதிகாலை. நிரென்பெர்க் வெளியூரில் இருந்தார். ஆய்வகத்தில் நின்றவர் மத்தேய். ஃபினைல்அலனைன் மட்டுமே கோக்கப்பட்டிருந்தது. முதல் சொல்லின் பொருள் தெரிந்துவிட்டது.

அந்த ஆகஸ்ட்டில் மாஸ்கோவில் நடந்த மாநாட்டில் நிரென்பெர்க் இதைச் சொன்னபோது, சின்ன அறையில் கேட்க வந்தவர்கள் சிலர்தான். அவர் பெயர் அங்கே பலருக்குத் தெரியாது. கேட்ட ஒருவர் போய் கிரிக்கிடம் சொன்னார். கிரிக் அதே பேச்சைப் பெரிய அரங்கில் மறுபடி பேச ஏற்பாடு செய்தார். அதன்பிறகு உலகமே அந்த வேலையில் இறங்கியது. பஞ்சாபின் ராய்ப்பூர் என்ற சின்னக் கிராமத்தில் பிறந்து, இங்கிலாந்து, சுவிட்சர்லாந்து, கனடா வழியாக அமெரிக்கா வந்த ஹர் கோவிந்த் கொரானா, எழுத்து வரிசை தெரிந்த ஆர்.என்.ஏ.க்களைச் செய்து கொடுத்தார். 1966க்குள் அட்டவணை நிரம்பிவிட்டது.

1968இல் நிரென்பெர்க், கொரானா, ராபர்ட் ஹாலி மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மத்தேயின் பெயர் அதில் இல்லை.

பாடப்புத்தகத்தில் விடைகள் மட்டும்தான் வருகின்றன. வேற்று நாட்டில் ஓர் இரவு முழுக்கச் சோதனைக்குழாய்களோடு நின்றவர் அதில் வருவதில்லை. இனி அந்த அட்டவணையைத் திறக்கும்போது, முதல் கட்டத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். அது மத்தேய் நிரப்பிய கட்டம்.