கோதுமையும் புத்தகமும்: நூலகக் கூட்டுறவின் அரசியல் குறித்துச் சில குறிப்புகள்

பல்கலைக்கழக நூலகங்கள் தங்களுக்குள் நூல்களைப் பகிர்ந்துகொள்வது பற்றிப் பேச ஆரம்பித்தாலே நம்மில் பலருக்குக் கொட்டாவி வந்துவிடும். நூலகர்கள் கருத்தரங்கு நடத்திக் கலைகிற சமாச்சாரம் என்று ஒரு நினைப்பு. அறிவுக்கும் அதிகாரத்துக்கும் உள்ள உறவு பற்றி ஃபூக்கோவைத் துணைக்கழைக்காமல் ஒரு பத்தி எழுதமாட்டோம். ஆனால் அந்த அறிவு எந்த அலமாரியில், யாருடைய பூட்டுக்குள் கிடக்கிறது என்று கேட்பதில்லை. பூட்டைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பிறவியிலேயே பகிர்ந்துண்ணும் குணத்தோடு வந்தவை அல்ல. அவற்றைக் கூட்டுச் சேர்த்தது போர். இரண்டாம் உலகப்போரில் ஐரோப்பாவிலிருந்து புத்தக வரத்து நின்றபோது, எதிரி நாட்டைப் பற்றித் தெரிந்துகொள்ளக்கூடத் தங்களிடம் போதுமான நூல் இல்லை என்பது அவர்களுக்கு உறைத்தது. 1942இல் கனெக்டிகட் மாநிலத்து ஃபார்மிங்டன் என்ற ஊரில் கூடிப் பேசினார்கள். 1948இல் ஃபார்மிங்டன் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அயல்நாடுகளில் வெளியாகும் ஆய்வு மதிப்புள்ள ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதியாவது அமெரிக்காவில் ஏதாவதொரு நூலகத்தில் இருந்தாக வேண்டும் என்பதே அதன் சாரம். பொறுப்பை நூலகங்கள் பிரித்துக்கொண்டன. அடுத்த ஆண்டே மத்திய மேற்குப் பகுதிப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து சிகாகோவில் ஒரு பொதுக் கிடங்கை உருவாக்கின. இன்று ஆய்வு நூலகங்களின் மையம் என்ற பெயரில் இருப்பது அதுதான். எப்போதோ ஒருவர் கேட்கப்போகிற புத்தகத்தைப் பத்து நூலகமும் பத்துப் பிரதி வாங்கி வைப்பானேன் என்கிற சிக்கனக் கணக்கு அது.

இந்தக் கணக்குக்குள் தமிழ் நுழைந்தது கோதுமை வழியாக.

1954இல் அமெரிக்கா பொதுச்சட்டம் 480ஐ நிறைவேற்றியது. பி.எல். 480 என்றால் நம் பெரியவர்களுக்கு உடனே ரேஷன் கோதுமை ஞாபகம் வரும். அங்கே விளைந்து மலிந்து, விலையை விழவைத்துக்கொண்டிருந்த தானியத்தைப் பிற நாடுகளுக்கு அந்தந்த நாட்டு நாணயத்திலேயே விற்க இச்சட்டம் வழிசெய்தது. 1956இல் இந்தியா முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. கோதுமை கப்பலில் வந்தது. விலை ரூபாயாக இங்கேயே குவிந்தது. அந்த ரூபாயை டாலராக மாற்றி எடுத்துப்போக முடியாது, இங்கேதான் செலவழித்தாக வேண்டும். எதில் செலவழிப்பது? 1958இல் சட்டத்தைத் திருத்திப் புத்தகம் வாங்கவும் அனுமதித்தார்கள். 1962இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் புதுதில்லியில் அலுவலகம் திறந்து, இந்திய மொழி நூல்களை வாங்கிச் சிகாகோ, பெர்க்லி, விஸ்கான்சின், பென்சில்வேனியா போன்ற பல்கலைக்கழகங்களுக்கு அனுப்ப ஆரம்பித்தது.

அதே அறுபதுகளில்தான் வறட்சி வந்தது; இந்தியா கப்பலிலிருந்து நேரே வாய்க்கு வாழ்கிறது என்ற ஏளனமும் பிறந்தது. அரிசிப் பஞ்சமும் ரூபாய்க்குப் படியரிசி வாக்குறுதியும் 1967இல் சென்னைக் கோட்டையில் ஆட்சியை மாற்ற உதவின. நம் ஜனங்கள் வேண்டாவெறுப்பாகக் கிண்டித் தின்ற கோதுமை உப்புமாவின் காசில், தமிழ் நாவல்களும் கவிதைத் தொகுப்புகளும் சிறுபத்திரிகைகளும் மூட்டை மூட்டையாகக் கடல் தாண்டின. குவிந்த ரூபாய் கையாள முடியாத அளவுக்குப் பெருகியதால் 1974இல் 1,664 கோடி ரூபாய்க்கு ஒரே காசோலையை அமெரிக்கா இந்தியாவிடம் திருப்பிக் கொடுத்ததும் இந்தக் கதையின் பகுதிதான்.

இதைக் கலாச்சார ஏகாதிபத்தியம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். எழுபதுகளில் அப்படி முடித்தும் வைத்தோம். பொய்யில்லை. பகுதிசார் ஆய்வு எனும் துறை, பனிப்போரின் தேவைக்காக ஊட்டி வளர்க்கப்பட்ட பிள்ளை. ஆனால் அந்தச் சொல்லோடு நிறுத்திக்கொண்டதில் நமக்கு ஒரு சௌகரியம் இருந்தது: அவர்கள் செய்த வேலையைப் பார்க்காமல் இருக்கலாம். ஒரு நூலுக்கு ஒரே இடத்தில் அட்டவணைக் குறிப்பு எழுதி, அந்த அட்டையையே எல்லா நூலகமும் பயன்படுத்திக்கொண்டன. யாரிடம் எது இருக்கிறது என்ற பட்டியல் எல்லோருக்கும் தெரியும். பட்டியல் இல்லாமல் பகிர்வு கிடையாது. அந்தப் பட்டியலில் தமிழ் நூலை வெகுகாலம் ரோமன் எழுத்தில்தான் தேட வேண்டியிருந்தது, நம்முடைய ழகரம் அங்கே கீழே கோடிட்ட ஓர் எல்லாக நின்றது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். பட்டியல் போடுகிறவனுடைய எழுத்தில்தான் பட்டியல் இருக்கும்.

இங்கே என்ன நடந்தது? பழைய மாத இதழ் ஒன்றின் தொகுதியைத் தேடி ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனேன். “அந்த ரூம் சாவி இருக்கறவரு லீவு சார்” என்றார்கள். அடுத்த முறை போனால், “வெளியாளுக்குக் குடுக்கறதில்லீங்க, உங்க துறைத்தலைவர்கிட்ட லெட்டர் வாங்கிட்டு வாங்க.” எனக்கு ஏது துறை? அதே தொகுதியின் நுண்படம் சிகாகோவில் இருப்பதைப் பிறகு அவர்கள் அட்டவணையில் பார்த்தேன். அந்த ஊழியர் மீது எனக்குக் கோபமில்லை. தணிக்கையில் ஒரு புத்தகம் குறைந்தால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்களோ என்ற பயம் நம் நூலகர்களின் முதுகில் காலங்காலமாக உட்கார்ந்திருக்கிறது. நூல்கள் பயன்பாட்டுக்கே என்பதை முதல் விதியாக வைத்து 1931இல் சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் எழுதியது சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்தபோதுதான். உலகம் முழுக்க அதைப் பாடமாக வைத்தார்கள். நாமும் வைத்தோம், தேர்வுக்கு.

ரோஜா முத்தையாவின் கதை இந்த இடத்தில் முக்கியமானது. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ஒருவர் ஐம்பதுகள் தொட்டு நாடக நோட்டீஸ், குஜிலிப் பாட்டு, பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, சமையல் குறிப்பு என்று நம் பல்கலைக்கழகங்கள் குப்பை என்று தள்ளிய அனைத்தையும் சேர்த்தார். 1992இல் அவர் இறந்தார். ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் கொண்ட அந்தச் சேகரிப்பை வாங்க இங்கே எந்தப் பல்கலைக்கழகமும் முந்திக்கொள்ளவில்லை. 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. வாங்கியும் கப்பலேற்றவில்லை: மொழி அறக்கட்டளையின் பொறுப்பில் மூலப்பிரதிகள் சென்னையிலேயே இருக்க, நுண்படம் மட்டும் சிகாகோ போவது என்று ஏற்பாடு. ஏட்டுச் சுவடிகளை லண்டனுக்கும் பாரிசுக்கும் அள்ளிப்போன காலத்தோடு ஒப்பிட்டால் இது வேறொரு உறவு. சமமான உறவு என்று சொல்லமாட்டேன்; பணம் எங்கிருந்து வந்ததோ அங்கேதான் எதை முதலில் படமெடுப்பது என்ற முடிவிலும் கனம் இருக்கும். ஆனால் இன்று தரமணியில் போய் உட்கார்ந்து அந்தக் குஜிலிப் பாட்டை யாரும் வாசிக்கலாம்.

ஒரே இடத்தில் ஒரே பிரதி என்றால் என்ன ஆகும் என்பதை 1981 ஜூன் முதல் நாளின் இரவுக்குப் பிறகு தமிழனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் சுமார் 97,000 நூல்கள் எரிந்தன. ஈழத்து நண்பர்கள் 2005இல் நூலகம் திட்டத்தைத் தொடங்கி, வீடுவீடாகத் தேடி மின்படியாக்கி எல்லோருக்கும் திறந்துவைத்தது அந்தச் சாம்பலின் நினைவோடுதான். எந்தப் பல்கலைக்கழக மானியக்குழுவும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

இந்திய அரசும் சும்மா இருந்துவிடவில்லை. பல்கலைக்கழக நூலகங்களை இணைக்க இன்ஃப்லிப்நெட் 1991இல் அகமதாபாத்தில் தொடங்கியது. ஆய்வேடுகளைச் சோத்கங்காவில் ஏற்ற வைத்தார்கள், நல்ல காரியம். நான் திறந்து பார்த்த தமிழ் ஆய்வேடுகளில் பல வெறும் படங்களாகக் கிடக்கின்றன, ஒரு சொல்லைத் தேட முடியாது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ‘ஒரே நாடு ஒரே சந்தா’வுக்கு ஒப்புதல் தந்தது. மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பன்னாட்டுப் பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள். 6,300க்கு மேற்பட்ட அரசு நிறுவனங்கள். தனியார் கல்லூரிகள் முதல் கட்டத்தில் சேரவில்லை. கல்லூரியே இல்லாத நம்மைப் போன்றவர்களைப் பற்றி யார் நினைப்பது. நம் ஆட்கள் எழுதியதையும் சேர்த்து நமக்கே மொத்த விலைக்கு விற்கிறார்கள், அதற்குக் கூட்டுறவு என்று பெயர்.

இதற்கெல்லாம் கோடிகள் தேவையில்லை என்பதுதான் எரிச்சலூட்டுகிறது. தமிழ்த்துறைகள் தங்களிடம் உள்ள பழைய இதழ்களை எந்த ஆண்டு, எந்த மாதம், எது இல்லை என்று ஒரு தாளில் எழுதி ஒன்றுக்கொன்று அனுப்பினால் போதும். இல்லாத இதழ்களின் பட்டியலிலிருந்தே தொடங்கலாம். நம் வீட்டுப் பரணிலும் சில இருக்கும்.