டேர்போ கார்: நெருக்கல் விகிதமும் காற்றமுக்கமும்

மெல்பேர்ணுக்குக் கிழக்கே, டண்டினோங் மலையடிவாரத்தில் உள்ளது த பேசின். அங்கிருந்து மவுண்டன் நெடுஞ்சாலை சசாஃப்ராஸ் வரை விடாமல் ஏறிக்கொண்டே போகும். குடும்பம் நிறைந்த காரில் அந்த ஏற்றத்தில் போகும்போது, டேர்போ இயந்திரம் தன் எல்லைக்கு அருகே உழைக்கிறது. அந்த எல்லையைத் தீர்மானிப்பவை இரண்டு: நெருக்கல் விகிதமும் டேர்போ தரும் காற்றமுக்கமும்.

பிஸ்டன் அடியில் நிற்கும்போது சிலிண்டரில் உள்ள கனவளவை, அது உச்சியில் நிற்கும்போது எஞ்சும் கனவளவால் வகுத்தால் வருவது நெருக்கல் விகிதம். இது கூடினால் அதே பெற்றோலில் கூடுதல் வேலை கிடைக்கும். டேர்போ, வெளியேறும் புகையின் விசையால் சுழன்று, காற்றை அமுக்கி உள்ளே அனுப்புகிறது. வளிமண்டல அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 14.7 இறாத்தல். டேர்போ மேலும் 7 இறாத்தல் சேர்த்தால் மொத்த அமுக்கம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். 20 பாகை செல்சியஸில் இருந்த காற்றும் 60 பாகையைத் தாண்டிவிடும். அதைக் குளிர்விக்கத்தான் இன்டர்கூலர்.

ஏற்கெனவே சூடான காற்றை பிஸ்டன் மேலும் நெருக்கும்போது, எரியாமல் மிஞ்சிய கலவை தானாகவே வெடிக்கலாம். இதுவே 'தட்டல்'. தொடர்ந்து தட்டினால் பிஸ்டன் உடையும். ஆகவே ஒன்றைக் கூட்டினால் மற்றதைக் குறைக்க வேண்டும்.

அவுஸ்திரேலியாவிலேயே இதற்கு நல்ல சான்றுகள் உண்டு. 1986 ஹோல்டன் விஎல் கொமடோரின் 3 லீற்றர் நிசான் இயந்திரம் சாதாரண வடிவில் 9.0 விகிதத்தில் 114 கிலோவாற் தந்தது. டேர்போ வடிவில் விகிதத்தை 7.8 ஆகக் குறைத்து 150 கிலோவாற் பெற்றார்கள். 2002இல் வந்த ஃபோர்ட் ஃபோல்கனின் 4 லீற்றர் இயந்திரத்தில் 9.7 என்பது 8.7 ஆனது, 182 கிலோவாற் 240 ஆனது. அதை வார்த்த ஜீலோங் ஆலை 2016 ஒக்டோபரில் மூடப்பட்டது.

விகிதத்தைக் குறைப்பதால் நட்டமும் உண்டு: எரிபொருள் கூடச் செலவாகும், டேர்போ வேகம் பிடிக்கும்வரை இழுவை மந்தமாக இருக்கும். இன்றைய இயந்திரங்களில் பெற்றோல் நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. அது ஆவியாகும்போது காற்றைக் குளிர்விப்பதால் விகிதத்தை அதிகம் குறைக்கத் தேவையில்லை. ஏழு பேர் அமரும் மஸ்டா சிஎக்ஸ்-9 காரின் டேர்போ இயந்திரம் 10.5 விகிதத்தோடு 91 ஒக்டேன் பெற்றோலிலேயே ஓடுகிறது.

ஒக்டேன் எண் பெற்றோலின் வலுவைக் காட்டுவதல்ல. தட்டலைத் தாங்கும் திறனையே காட்டுகிறது. தாங்கித் மூடியின் உட்புறத்தில் 95 அல்லது 98 என்று குறித்திருந்தால், சில சதம் மிச்சம் பிடிக்க 91 அடிக்காதீர்கள்.

பிள்ளைகள் பழைய டேர்போ கார் வாங்கக் கேட்டால், முன்பு யாராவது காற்றமுக்கத்தைக் கூட்டியிருக்கிறார்களா என்று மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள். நெருக்கல் விகிதத்தை மாற்றாமல் காற்றை மட்டும் கூட்டினால், உற்பத்தியாளர் விட்டுவைத்த பாதுகாப்பு இடைவெளி குறைந்துவிடும். விக்ரோறியாவில் 'பி' தகடு உள்ளவர்கள் வலுக்கூட்டிய இயந்திரத்தை ஓட்டுவதும் தடை. மாற்றத்தைக் காப்புறுதிக்குச் சொல்லாவிட்டால், விபத்தின் பின் இழப்பீடும் கிடைக்காமல் போகலாம்.