பழைய பாடநூல் கொள்முதல் (கல்லூரி)
மாணவர்கள் படித்து முடித்த பாடநூல்களை மொத்தமாக வாங்கி அடுத்த பருவத்துக்கு விற்கும் வணிகம். தமிழகத்தில் இதற்குப் பெயர்பெற்ற இடம் சென்னை மூர் மார்க்கெட். அங்கு 1985இல் நேர்ந்த தீவிபத்துக்குப் பின் வியாபாரிகள் அருகிலுள்ள அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறினர். காஞ்சிபுரம் வட்டாரத்தில், அண்ணா பல்கலைக்கழக இணைவு பெற்ற பொறியியல் கல்லூரிகளின் நூல்களை எப்போது வாங்கலாம் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது அப்பல்கலைக்கழகத்தின் பாடத்திட்ட விதிமுறையான ‘ரெகுலேஷன்’ (2013, 2017, 2021 போன்றவை). ஏப்ரல்–மே தேர்வு முடிந்ததும் வரத்து பெருகி விலை இறங்கும். ஆயினும் அட்டையில் ‘ஆர்-2017’ என்று அச்சிட்ட உள்ளூர்ப் பதிப்பு, பாடத்திட்டம் மாறியபின் அரியர் (தேறாத பாடங்களின் மறுதேர்வு) எழுதுவோருக்கே உதவும். எஞ்சியது எடைக்குப் போகும். கிரேவாலின் பொறியியல் கணித நூல் போன்றவை ரெகுலேஷன் மாறினாலும் விலைபோகும். துணிந்து இருப்பு வைக்கத் தக்கவை இவையே.