அம்மா கையில் இருந்த பச்சை



போன வாரம் பழைய மாணவன் ஒருவன் திருவண்ணாமலையில் என் வீட்டுக்கு வந்தான். "சார், அம்மா நினைவா டாட்டூ போடப் போறேன். எந்தப் படம் நல்லா இருக்கும்?" என்றான்.

"உங்க அம்மாச்சி கையில என்ன பச்சை இருந்துச்சு?" என்று கேட்டேன். தெரியவில்லை.

நம் வீட்டுப் பெண்களுக்கு இது புதிதல்ல. குறவர் சமூகப் பெண்கள் ஊர் ஊராக வந்து பச்சை குத்துவார்கள். சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த எட்கர் தர்ஸ்டன், 1909இல் ரங்காச்சாரியுடன் சேர்ந்து வெளியிட்ட ஏழு தொகுதி நூலில் அந்த மை செய்யும் முறையை எழுதியிருக்கிறார். மஞ்சள்தூளையும் அகத்திக் கீரையையும் சேர்த்து அரைத்து, துணியில் தடவித் திரியாக உருட்டி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரிப்பார்கள். மேலே கவிழ்த்த புதுச் சட்டியில் படியும் கரியைச் சுரண்டி, தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைப்பார்கள். வலி மறக்கப் பாட்டும் பாடுவார்களாம்.

என் அம்மாவின் முன்கையில் ஒரு சின்னக் கோலம் இருந்தது. சிறுமியாக இருந்தபோது அவரைப் பெற்றவர் மடியில் வைத்துக் குத்தவைத்தது. "போகும்போது கூட வர்ற நகை இது ஒண்ணுதான்டா" என்பார். அப்படியே கூடப் போய்விட்டது. அதில் எத்தனை புள்ளி என்று நான் எண்ணியதில்லை. ஒரு போட்டோவும் இல்லை.

அவனுக்குச் சொன்னதுதான் உங்களுக்கும். கடையில் படம் தேடும் முன், வீட்டுப் பெரியவர்களின் கையைப் பாருங்கள். யார் குத்திவிட்டது என்று கேளுங்கள். போட்டோ எடுத்து வையுங்கள். அதன்பிறகு, புது ஊசிதானா என்று பார்த்துவிட்டுக் குத்திக்கொள்ளுங்கள்.