தமனிச் சுவரில் எரியும் அழல்

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங், சிகாமட், லாபிஸ் வட்டாரங்களில் பால்மரம் சீவி வாழ்ந்த தமிழர் ஓர் உண்மையைத் தம் தொழிலில் கண்டறிந்திருந்தனர். கத்தி பட்டையளவில் நின்றால் மரம் தன் காயத்தைத் தானே ஆற்றிப் புதுப்பட்டை வளர்த்துக்கொள்ளும். கத்தி ஆழ்ந்து சென்று உள்மரத்தைத் தொட்டுவிட்டாலோ, அவ்விடம் முண்டும் முடிச்சுமாகப் புடைத்து, மீண்டும் சீவுதற்குத் தகுதியற்றதாகிவிடும். காயத்தை ஆற்ற எழுந்த ஆற்றலே உருவைக் கெடுத்துவிடுகின்றது. மனிதனின் மூளைத் தமனிகளிலும் இதனையொத்த நிகழ்ச்சி உண்டு என்பதை மருத்துவ உலகம் உணர்வதற்கு நெடுங்காலம் சென்றது. அக்காலத்தின் வரலாறு அறிதற்குரியது.

மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் தமனி கிளைபிரியும் இடத்தில் அதன் சுவர் மெலிந்து, சிறு பைபோல் வெளியே பிதுங்குவதை நாளப் புடைப்பு என்பர். வளர்ந்தோர் நூற்றுவரில் ஏறத்தாழ மூவரிடம் இஃது உள்ளது. பெரும்பாலானவை வாழ்நாள் முழுதும் வெடிப்பதில்லை. வெடித்துவிடின், மூளையைச் சூழ்ந்த இடைவெளியில் குருதி பாய்ந்து, இடி விழுந்தாற்போன்ற தலைவலி தோன்றும். உயிருக்கே கேடு நேர்வதும் உண்டு.

நாளப் புடைப்பைப் பண்டையோரும் அறிந்திருந்தனர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டினரான கேலன் அதனை விளக்கியுள்ளார். அவருக்கு முற்பட்ட உரோமானியர் செல்சஸ், அழற்சியின் அடையாளங்கள் சிவப்பு, வீக்கம், வெப்பம், வலி என நான்காக வகுத்தார். அழல் என்பது தீ. அதனின்று பிறந்ததே அழற்சி என்னும் சொல். இலத்தீன் மொழியிலும் இந்நோய்க்குறிக்குத் தீயின் பெயரே வழங்கியமை எண்ணத்தக்கது. ஆயினும் புடைப்பையும் அழலையும் ஒருங்கே வைத்து நோக்கியோர் அந்நாளில் இலர்.

1664ஆம் ஆண்டில் ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ், மூளையின் அடியில் வளையமாக அமைந்த தமனிகளைப் பற்றி எழுதினார். புடைப்புகள் மிகுதியும் தோன்றுவது அவ்வளையத்திலேயே. 1885ஆம் ஆண்டில் இலண்டனில் சொற்பொழிவாற்றிய வில்லியம் ஆஸ்லர், இதயத் தடுக்கிதழில் பற்றிய நோய்க்கிருமிகள் குருதியோடு சென்று தமனிச் சுவரை அழித்துப் புடைப்பை உண்டாக்குவதை விளக்கினார். அழற்சிக்கும் புடைப்புக்கும் உள்ள உறவு அன்றே ஒருவாறு புலப்பட்டது. ஆனால், கிருமியால் வருவன மிகச் சிலவே. ஏனைய புடைப்புகளுக்குக் காரணம் யாது?

1930ஆம் ஆண்டில் அமெரிக்கரான வைலி ஃபோர்பஸ், தமனிச் சுவரின் தசைப்படலத்திலுள்ள இடைவெளிகளே காரணம் என்றார். பழுதுற்ற குழாய் அழுத்தம் தாங்காது பிதுங்குவது இயல்புதானே என்று பலரும் அமைதியடைந்தனர். பின்னர் அத்தகைய இடைவெளிகள் புடைப்பில்லாதவரிடத்தும் காணப்பட்டன. எனினும் குழாய் என்னும் கருத்து எளிதில் மறையவில்லை.

அக்கருத்தால் நன்மையும் விளைந்தது. 1927ஆம் ஆண்டில் போர்த்துகல் நாட்டின் எகாஸ் மோனிஸ் மூளை நாளங்களைக் கதிர்ப்படத்தில் காணும் முறையைக் கண்டறிந்தார். 1931ஆம் ஆண்டில் எடின்பரோவில் நார்மன் டாட், தொடைத் தசையின் துண்டை எடுத்துப் புடைப்பைப் போர்த்தினார். 1937ஆம் ஆண்டில் பால்டிமோரில் வால்டர் டேண்டி, புடைப்பின் கழுத்தில் வெள்ளிக் கவ்வியை இட்டார். 1990ஆம் ஆண்டுமுதல் இத்தாலியரான குலியெல்மியின் பிளாட்டினச் சுருள், மண்டையோட்டைத் திறவாமலே புடைப்பை நிரப்பலாயிற்று.

தமிழகமும் இத்துறையில் பின்தங்கவில்லை. 1949ஆம் ஆண்டில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டியும், 1950ஆம் ஆண்டில் சென்னை அரசு பொது மருத்துவமனையில் சீர்காழியில் பிறந்த பா. இராமமூர்த்தியும் நரம்பியல் அறுவைப் பிரிவுகளைத் தொடங்கினர். இந்தியாவில் இப்புடைப்பு எவ்வளவில் காணப்படுகின்றது என்னும் வினாவை இராமமூர்த்தி ஆராய்ந்து, 1969ஆம் ஆண்டில் அனைத்துலக இதழொன்றில் கட்டுரை வெளியிட்டார். இவ்வினாவின் அருமை தோட்டப்புறத்தை நினைப்போர்க்கு விளங்கும். நாளங்களைப் படமெடுக்க வழியற்ற நாளில், தலையைப் பிடித்துக்கொண்டு நிரையிடையே சாய்ந்தவரின் நோய்க்குப் பெயரே கிடைத்திராது. தேடாத நோய் கணக்கில் ஏறுவதில்லை.

குழாய்க் கருத்தை அசைத்தவர் ஜப்பானியர். 1978ஆம் ஆண்டில் நொபுவோ ஹாஷிமோட்டோவும் அவர்தம் குழுவினரும் எலிகளின் கழுத்துத் தமனி ஒன்றைக் கட்டி, குருதி அழுத்தத்தை உயர்த்தி, மூளையில் புடைப்பை உருவாக்கிக் காட்டினர். பிறவிக்குறை இன்றியும், வாழ்நாளிலேயே புடைப்பு தோன்றக்கூடும் என்பது தெளிவாயிற்று. 2004ஆம் ஆண்டில் பின்லாந்து ஆய்வாளர் வெடித்த புடைப்புகள் 42, வெடிக்காதவை 24 ஆகியவற்றின் சுவர்களை ஒப்பிட்டு, வெடித்தவற்றில் அழற்சிக் கலங்கள் மிகுந்திருக்கக் கண்டனர். 2007ஆம் ஆண்டில் கியோட்டோ ஆய்வாளர், அழற்சியை ஏவும் புரதமொன்றைத் தடுத்தால் எலிகளில் புடைப்பு குறைவதைக் காட்டினர்.

நிகழ்வது இதுவே. கிளைபிரியும் இடத்தில் குருதி ஓயாது மோதுகின்றது. உட்படலக் கலங்கள் துன்புற்று வேதிக்குறிகளை விடுக்கின்றன. அவ்வழைப்பை ஏற்று, பழுதை நீக்கும் பெருவிழுங்கு கலங்கள் சுவரினுள் புகுகின்றன. மோதல் ஓயாமையால் அவையும் ஓய்வதில்லை. அவை சுரக்கும் நொதிகள், சுவருக்கு வலிமை தரும் நார்களையே கரைத்துவிடுகின்றன. காவலர் தாம் காக்க வந்த வீட்டின் தூண்களைச் சிதைப்பது போன்றது இது. புகைபிடித்தலும் உயர்குருதி அழுத்தமும் இவ்வழலுக்கு நெய் வார்ப்பனவாம்.

2011ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, அழற்சியைத் தணிக்கும் ஆஸ்பிரின் அடிக்கடி உண்போரிடத்தில் புடைப்பு வெடிப்பது குறைவெனக் கூறிற்று. எனினும் அம்மருந்து குருதி உறைவதைத் தடுப்பதாகலின், மருத்துவர் சொல்லின்றி ஒருவர் தாமே உண்ணத் தகாது.

ஜொகூர் பாருவில் 1941ஆம் ஆண்டில் திறக்கப்பெற்று, இன்று சுல்தானா அமினா எனப் பெயர் வழங்கும் மருத்துவமனையில் நரம்பியல் அறுவைத் துறை இயங்குகின்றது. அன்று நிரையிடையே பெயரின்றிச் சாய்ந்தவரின் பேரப்பிள்ளைகளுக்கு அதன் வாயில் திறந்துள்ளது. திடீரெனத் தோன்றும் கொடுந்தலைவலியை வெறுந்தலைவலி என்று தைலம் தடவிக் காலம் போக்காது, உடனே அங்கு விரைதல் வேண்டும். தமனி வெறுங்குழாயன்று, உயிருள்ள பட்டை போன்றது என்பதை மாணவர் உள்ளத்தில் பதியவைத்தல் ஆசிரியர்தம் கடனாகும்.