பார்வையாளனின் மிதிவண்டி

எங்கள் ஊரான எலவனாசூர்கோட்டையில் சோழர் காலக் கல்வெட்டுகளைக் கொண்ட கிராம அர்த்தநாதீஸ்வரர் கோயில் உள்ளது. கோயில் கல்வெட்டுகளைப் படித்துப் பழகியவர்களுக்கு அவற்றின் இயல்பு தெரியும். நிலம் விட்டவன் பெயர் இருக்கும். விளக்கெரிக்க ஆடு கொடுத்தவன் பெயர் இருக்கும். அளந்த கோலின் அளவும், எல்லையில் நின்ற மரமும்கூடப் பதிவாகியிருக்கும். ஆனால் திருவிழா நாளில் கட்டுச்சோற்றுடன் பல காதம் நடந்து வந்து, தேரைப் பார்த்துவிட்டு இரவோடிரவாகத் திரும்பிப் போனவன் பெயர் எந்தக் கல்லிலும் இராது. அவன் வராவிட்டால் அது திருவிழாவே அல்ல. இருந்தும் வரலாறு அவனை எண்ணிக்கையாகக்கூட நினைவில் வைப்பதில்லை.

விளையாட்டு வரலாறும் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. கோல் அடித்தவன், கோப்பை வென்ற அணி, ஆட்டத்தின் தேதி எல்லாம் கிடைக்கின்றன. பார்க்க வந்தவன் எப்படி வந்தான் என்று கேட்டால் பதில் இல்லை. இக்கட்டுரை அந்தப் பார்வையாளனையும், அவனுடைய மிதிவண்டியையும் பற்றியது.

*

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நான் பள்ளி மாணவன். கால்பந்தாட்டம் பார்க்க என்னை முதன்முதலில் அழைத்துச் சென்றவர் என் தாய்மாமன். எங்கள் ஊருக்கு இரயில் இல்லை. கிழக்கே உளுந்தூர்பேட்டை, மேற்கே தியாகதுருகம், கள்ளக்குறிச்சி, வடக்கே திருக்கோவிலூர் என எந்தத் திசையில் போவதானாலும் பேருந்து அல்லது மிதிவண்டி. ஆட்டம் முடியும் நேரத்துக்குப் பேருந்து காத்திருக்காது. ஆகவே மிதிவண்டிதான்.

அந்தக் காலத்தில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் சைக்கிள் கடைகள் இருந்தன. நோட்டில் பெயரும் நேரமும் எழுதிக்கொண்டு வண்டியைத் தருவார்கள். தெரிந்த முகமாயிருந்தால் முன்பணம் கேட்கமாட்டார்கள். மாமா மிதிப்பார். நான் முன்கம்பியில் ஒரு துண்டைச் சுருட்டிப் போட்டு உட்கார்ந்திருப்பேன். பின்னால் கேரியரில் மாமாவின் நண்பர் ஒருவர். எதிர்க்காற்று அடித்தால் மேட்டில் நானும் அவரும் இறங்கி நடப்போம்.

ஆட்டம் நடக்கும் இடம் பெரும்பாலும் ஏதேனும் ஒரு பள்ளிக்கூடத்துத் திடல். படிக்கட்டு வரிசைகள் ஏதுமில்லை. வந்தவர்களின் மிதிவண்டிகளே அரங்கத்தின் சுவர்கள். கோட்டுக்கு வெளியே வரிசையாக ஸ்டாண்டு போட்டு நிறுத்துவார்கள். முன்வரிசை தரையில் உட்காரும். அடுத்த வரிசை நிற்கும். அதற்கும் பின்னால் இருப்பவர்கள் கேரியர்மேல் ஏறி, பக்கத்திலிருப்பவர் தோளைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். கோல் விழுந்து கூட்டம் குதிக்கும்போது நாலைந்து வண்டிகள் சீட்டுக்கட்டுபோல் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாயும். பந்தோடு சேர்த்து அந்தச் சத்தமும் எனக்கு இன்றும் நினைவிலிருக்கிறது.

வண்டியில் வந்தவனை அதே வண்டி உயர்த்தி நிறுத்தி ஆட்டத்தையும் காட்டியது என்பதை அப்போது நான் வியக்கவில்லை. இப்போது வியக்கிறேன்.

*

இந்தியக் கால்பந்து வரலாற்றில் பார்வையாளர்களின் பயணம் ஓரளவேனும் பதிவான நாள் ஒன்றுண்டு. 1911ஆம் ஆண்டு ஜூலை 29. கல்கத்தாவில் ஐ.எஃப்.ஏ. கேடய இறுதியாட்டத்தில் மோகன் பகான் அணி ஈஸ்ட் யார்க்‌ஷயர் படைப்பிரிவின் அணியை 2–1 என்று வென்றது. ஆடிய பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்காலுடன் ஆடினார்கள் என்பது எல்லாரும் சொல்லும் செய்தி. வந்த கூட்டம் எண்பதாயிரம் முதல் ஓர் இலட்சம் வரை என்று அக்காலச் செய்திகள் மதிப்பிட்டன. வங்காளத்தின் வெளியூர்களிலிருந்தெல்லாம் மக்கள் திரண்டனர். அவர்களுக்காகத் தனி இரயில் விடப்பட்டது. ஆற்றில் கூடுதல் நீராவிப் படகுகள் ஓடின.

திடலை நெருங்க முடியாதவர்களுக்கு ஆட்டத்தின் நிலவரம் காற்றாடிகள் வழியாகத் தெரிவிக்கப்பட்டது. கோல் விழுந்ததும் அந்த எண்ணிக்கையைச் சுமந்த காற்றாடி மேலே பறக்கும். பத்து மைல், இருபது மைல் கடந்து வந்து, ஆட்டத்தைக் காணாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் எத்தனை ஆயிரம் பேர் என்று எண்ணிப் பாருங்கள். சிப்தாஸ் பாதுரியும் அபிலாஷ் கோஷும் அடித்த கோல்களை அவர்கள் காற்றாடியில்தான் கண்டார்கள். அந்த வெற்றியை நாட்டின் வெற்றியாக மாற்றியதில் ஆடிய பதினொருவருக்கு உள்ள பங்கு, பார்க்க முடியாமலே நின்ற அக்கூட்டத்துக்கும் உண்டு.

*

கால்பந்தும் மிதிவண்டியும் ஏறத்தாழ ஒரே காலத்துப் பிள்ளைகள். இங்கிலாந்தில் கால்பந்துச் சங்கம் தோன்றியது 1863இல். இன்று நாம் அறிந்த வடிவிலான, இரு சக்கரமும் ஒத்த அளவிலமைந்த ‘ரோவர்’ மிதிவண்டியை ஸ்டார்லி 1885இல் கொண்டுவந்தார். 1888இல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். சனிக்கிழமை அரைநாள் விடுமுறை பெற்ற ஆலைத் தொழிலாளிக்கு அந்த மாலையில் பார்க்க ஒரு விளையாட்டும், போய்ச் சேர ஒரு வாகனமும் ஒருசேரக் கிடைத்தன.

இரண்டும் ஒரே திடலையும் பகிர்ந்துகொண்டன. பர்மிங்காமில் ஆஸ்டன் வில்லா அணி 1897இல் குடிபுகுந்த வில்லா பார்க் அரங்கில், ஆடுகளத்தைச் சுற்றி மிதிவண்டிப் பந்தயத்துக்கான சிமெண்டுப் பாதை இருந்தது. பிரான்சின் மார்சேய் நகரில் 1937இல் திறக்கப்பட்ட அரங்கின் பெயரே ‘வெலோட்ரோம்’, அதாவது மிதிவண்டிப் பந்தயத் திடல். பந்தயப் பாதை மறைந்து கால்பந்து மட்டும் நிலைத்த பிறகும் பெயர் மாறவில்லை. இங்கிலாந்தில் அரங்குகளை அடுத்து வாழ்ந்தவர்கள், ஆட்ட நாட்களில் ரசிகர்களின் வண்டிகளைத் தங்கள் வீட்டு முற்றத்தில் நிறுத்தவிட்டுச் சில்லறை வாங்கிக்கொண்ட பழக்கம் அங்குள்ள முதியோரின் நினைவுகளில் வருகிறது. நம் ஊர்த் திருவிழாக்களில் செருப்புக்கும் வண்டிக்கும் டோக்கன் கொடுப்பதுபோல.

மிதிவண்டி ரசிகனின் மனத்தில் எவ்வளவு ஆழத்தில் தங்கியிருக்கிறது என்பதற்கு 1988ஆம் ஆண்டு ஐரோப்பியக் கோப்பையைச் சொல்லலாம். இரண்டாம் உலகப்போரின்போது நெதர்லாந்தை ஆக்கிரமித்த ஜெர்மானியப் படை அம்மக்களின் மிதிவண்டிகளைப் பறிமுதல் செய்தது. நாற்பதாண்டுகளுக்கும் மேல் கழிந்து ஹாம்பர்கில் நடந்த அரையிறுதியில் நெதர்லாந்து மேற்கு ஜெர்மனியை 2–1 என்று வென்றது. பாட்டியின் மிதிவண்டி கிடைத்துவிட்டது என்ற பொருளில் டச்சு ரசிகர்கள் பதாகை பிடித்ததாகச் சொல்வார்கள். போரில் இழந்தவை எவ்வளவோ இருக்க, கால்பந்துத் திடலில் அவர்கள் திருப்பிக் கேட்டது மிதிவண்டியை.

*

நம் நாட்டில் மிதிவண்டி முதலில் துரைமார்களின் வாகனமாகவும், பின்னர் உத்தியோகஸ்தர்களின் வாகனமாகவும் இருந்தது. ராலே, ஹம்பர் எல்லாம் கப்பலில் வந்து இறங்கிய பெயர்கள். 1949இல் சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் ஆலை தொடங்கப்பட்ட பிறகு, ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் தமிழ்நாட்டு வண்டிகளாயின. வடக்கே அட்லஸ், ஹீரோ ஆலைகள் ஐம்பதுகளில் எழுந்தன. விலை மெல்ல மெல்ல எட்டும் தூரத்துக்கு வந்தது. என் தந்தையின் தலைமுறைக்குச் சைக்கிள் என்பது வரி கட்டி வில்லை வாங்கி மாட்டவேண்டிய சொத்து. விளக்கில்லாமல் இரவில் போனால் போலீஸ்காரர் பிடிப்பார். இருவர் ஏறிப் போனாலும் பிடிப்பார். ஆட்டம் பார்த்துத் திரும்பும் கூட்டம் இந்த இரண்டு குற்றங்களையும் ஒருங்கே செய்துகொண்டுதான் ஊர் வந்து சேர்ந்தது.

அந்தத் தலைமுறைக்கு ஆடுவோரில் நம்மவர் என்று சொல்லிக்கொள்ளவும் ஆள் இருந்தார்கள். தஞ்சையிலிருந்து வந்த சைமன் சுந்தரராஜ் 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு அணிக்கெதிராக ஒரு கோல் அடித்தார். இந்தியக் கால்பந்து அணி அதன்பின் ஒலிம்பிக்கில் ஆடவேயில்லை. ஆகவே இந்தியாவின் கடைசி ஒலிம்பிக் கோல் ஒரு தமிழர் காலிலிருந்து பிறந்தது.

பின்னர் தொலைக்காட்சி வந்தது. 1986 உலகக் கோப்பையில் மாரடோனா நம் கூடத்துக்குள்ளேயே வந்துவிட்டார். உலகம் அருகில் வந்தது. உள்ளூர்த் திடல் தொலைவுக்குப் போயிற்று. இரவெல்லாம் விழித்து மெக்சிகோவைப் பார்த்தவனுக்கு, பக்கத்து ஊர்ப் பள்ளித் திடலில் செருப்பில்லாமல் ஆடுபவன் சிறியவனாகத் தெரிந்திருக்கவேண்டும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நானும் அப்படித் திசை மாறியவன்தான்.

*

2018இல் செய்தித்தாளில் ஒரு பெயரைப் படித்தபோது மாமாவின் முன்கம்பி நினைவுக்கு வந்தது. கேரளத்தின் சேர்த்தலையைச் சேர்ந்த கிளிஃபின் பிரான்சிஸ் கணிதம் கற்பிப்பவர். நிரந்தர வேலையில்லை. ரஷ்யாவில் நடக்கவிருந்த உலகக் கோப்பைக்குப் போவாயா என்று நண்பர் கேட்க, போவேன் என்று சொல்லிவிட்டார். விமானத்தில் போய் ஒரு மாதம் தங்கப் பணமில்லை. மலிவான வழி எது என்று யோசித்தார். மிதிவண்டி என்ற விடை கிடைத்தது.

பிப்ரவரி 23 அன்று துபாய்க்குப் பறந்து, அங்கே ஒரு மிதிவண்டி வாங்கி, கப்பலில் ஈரானின் பந்தர் அப்பாஸ் துறைமுகத்தை மார்ச் 11 அன்று அடைந்தார். அங்கிருந்து மாஸ்கோ 4,200 கிலோமீட்டருக்கும் மேல். ஈரானைக் கடக்கவே 45 நாட்கள் ஆயின. நாளொன்றுக்குப் பத்து டாலரில் வாழ்ந்தார். அசர்பைஜான் எல்லையில், கடவுச்சீட்டுப் படத்திலிருந்தவருக்கும் மெலிந்துபோய் எதிரில் நின்றவருக்கும் ஒற்றுமை தெரியாமல் அதிகாரிகள் பல மணி நேரம் நிறுத்திவைத்தார்கள். ஜார்ஜியா உள்ளே விடவில்லை. இரு நாடுகளுக்கும் இடையிலான யாருக்கும் சொந்தமில்லாத நிலத்தில் ஒரு நாள் கிடந்தார். பிறகு தாகெஸ்தான் வழியாகச் சுற்றி ஜூன் 5 அன்று ரஷ்யாவுக்குள் நுழைந்தார்.

அவர் மெஸ்ஸியின் பக்தர், அர்ஜென்டினாவின் ரசிகர். ஆனால் அவருக்குக் கிடைத்த ஒரே சீட்டு ஜூன் 26 அன்று மாஸ்கோவின் லுஷ்னிகி அரங்கில் நடந்த பிரான்ஸ்–டென்மார்க் ஆட்டத்துக்கானது. அந்த ஆட்டம் 0–0 என்று முடிந்தது. அந்த உலகக் கோப்பையின் 64 ஆட்டங்களில் ஒரு கோல்கூட விழாமல் முடிந்தது அது ஒன்றுதான்.

இதைப் படித்தபோது முதலில் சிரித்தேன். பிறகு மாமாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“கோல் விழலைன்னா என்னடா, போயிட்டு வந்தான்ல?” என்றார்.

நாங்கள் சேர்ந்து பார்த்த முதல் ஆட்டத்தில் யார் வென்றது என்று அவரைக் கேட்டேன். அவருக்கு நினைவில்லை. எனக்கும் இல்லை. ஆனால் திரும்பும் வழியில் பஞ்சரானதும், கடை மூடியபின் ஒருவர் அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்து, தண்ணீர்த் தொட்டியில் டியூபை அமுக்கி, குமிழி வந்த இடத்தில் ஒட்டுப்போட்டுக் காசு வாங்க மறுத்ததும் இருவருக்குமே நினைவிருந்தது. ரசிகனின் வரலாறு ஆட்ட முடிவுகளால் ஆனதன்று. அது வழியால் ஆனது.

*

இவ்வளவு எழுதிய பிறகும் ஒன்றை மறைத்துவிட்டேன் என்று எனக்கே தோன்றுகிறது. மேலே நான் விவரித்த கூட்டத்தில் பெண்கள் இல்லை. கேரியர்மேல் நின்றவர்களில் ஒருத்திகூட இல்லை. இதை நானாக உணரவில்லை. வகுப்பறையில் உணர்த்தப்பட்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் வாய்மொழி வரலாறு பற்றிப் பேசும்போது, சைக்கிளில் போய் விளையாட்டுப் போட்டி பார்த்தவர்கள் யார் என்று மாணவர்களைக் கேட்டேன். பையன்கள் பலர் கை தூக்கினார்கள். பெண்கள் வரிசை அசையவில்லை. உங்களிடம் சைக்கிள் இல்லையா என்றேன். ஒரு மாணவி எழுந்து, “இருந்துச்சு சார். அது பள்ளிக்கூடம் போறதுக்குத்தான் குடுத்தாங்கன்னு வீட்ல சொல்லிட்டாங்க” என்றாள். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

1991–92இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டியையும் பெண்களுக்குக் கற்பித்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது மாவட்ட ஆட்சியர். கல்லுடைக்கும் பெண்களும் வயலில் வேலை செய்யும் பெண்களும் ஆயிரக்கணக்கில் வண்டியோட்டக் கற்றுக்கொண்டனர். பெண்கள் வண்டி கிடைக்காதபோது ஆண்கள் வண்டியையே ஓட்டினர். அதன்பின் பத்தாண்டில், 2001இல், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி தரும் திட்டம் வந்து, பிற்பாடு எல்லா மாணவர்களுக்குமாக விரிந்தது. கல்வராயன் மலையடிவாரம் வரை அந்த வண்டிகள் ஓடுகின்றன.

ஆடுகளத்துக்குள் பெண்கள் போய்விட்டார்கள். 2018இல் கட்டாக்கில் மணிப்பூரை வென்று தமிழ்நாட்டு மகளிர் அணி முதன்முறையாகத் தேசியக் கோப்பையைப் பெற்றது. 2023இல் மீண்டும் வென்றது. இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர். 1993 வரை எங்கள் ஊர் இருந்த பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் தலைநகர் அது. ஆக, கோட்டுக்கு உள்ளே இடம் பிடித்தாயிற்று. கோட்டுக்கு வெளியே, வெறுமனே பார்ப்பதற்காக, ஒரு காரியமும் இல்லாமல் ஒரு பெண் சைக்கிளை நிறுத்திவிட்டு நிற்பதுதான் இன்னும் கடினமாயிருக்கிறது. படிக்கப் போவதற்கும் வேலைக்குப் போவதற்கும் காரணம் சொல்லலாம். மகிழ்ச்சிக்குப் போவதற்கு என்ன காரணம் சொல்வது?

இதற்கிடையில் சாலையும் மாறிவிட்டது. சேலம்–உளுந்தூர்பேட்டைச் சாலை இன்று நான்குவழி நெடுஞ்சாலை. மாமா என்னை முன்கம்பியில் வைத்து மிதித்த அந்த வழியில், இன்று என் மகளைத் தனியாக மிதிவண்டியில் அனுப்ப எனக்குத் துணிவில்லை. ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் 2021இல் திறந்த கால்பந்தரங்கில் ஆயிரக்கணக்கான மிதிவண்டிகள் நிறுத்த இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். நாமோ வீடுதோறும் மிதிவண்டியைக் கொடுத்துவிட்டு, அது போகும் வழியை எடுத்துக்கொண்டோம்.

சென்ற விடுமுறையில், நெடுஞ்சாலையைத் தவிர்த்து ஏரிக்கரை வழியாக, என் மகளும் நானும் ஆளுக்கொரு மிதிவண்டியில் பக்கத்துக் கிராமத்தில் பையன்கள் ஆடிய ஓர் ஆட்டத்தைப் பார்க்கப் போனோம். கூட்டம் என்று சொல்ல முப்பது பேர் இருந்தால் அதிகம். அவள் கேரியர்மேல் ஏறி நிற்கவேண்டிய தேவையே இல்லை. ஆனாலும் நான் சொன்ன கதையைக் கேட்டிருந்ததால் ஏறி நின்றாள். சிலர் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பந்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். வண்டி சாயாதபடி ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நான் கீழே நின்றிருந்தேன்.